ஓடாத மீன்கள்

அக்டோபர் 9, வியாழன்

காலை 7.20க்குச் செய்தி வந்தது. வாயில் பேஸ்ட் நுரை. போனில் பரசு.

"மாமா, ஏரியில மீனு ஓட மாட்டேங்குது."

"செத்துப்போச்சா?"

"செத்துப்போனா உனுக்கா போன் பண்ணுவேன்? மீனவர் சங்கத்துத் தலைவருக்குப் பண்ணுவேன். நல்லா கொழுகொழுன்னு இருக்குது. ஆனா ஓடல. தண்ணியில கால வச்சா காலாண்ட வந்து மோந்து பாக்குது. வலையே வேணாம், கையால அள்றோம். கங்கையம்மா கண்ணத் தொறந்துட்டா மாமா!"

"சரி" என்றேன்.

"அப்புறம் பெரிய அக்கா பேசிச்சு. ஓவியாவ ஓசூருக்கே கூட்டிக்கினு போயிடட்டுமான்னு கேக்குது. அதுங்களுக்கும் புள்ள இல்ல. மொறப்படி தத்து எடுத்துக்கிறோம்னு சொல்லுது. கார்த்திகை பொறந்தா வருவாங்களாம். உன்னக் கேட்டுச் சொல்லச் சொல்லிச்சு."

அதற்கும் "சரி" என்றேன். வாய் கொப்பளித்தேன்.

மீன் ஏன் ஓடவில்லை? பஸ்ஸில் வழியெல்லாம் இதையே யோசித்தேன். நல்ல கேள்வி. ஆக்சிஜன் குறைந்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், ஆனால் கொழுகொழுவென்று இருக்காது. விஷம் என்றால் மிதக்கும். காலை மோந்து பார்க்கும் மீனைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

இந்த நோட்டை எழுதச் சொன்னவர் செங்கல்பட்டு மனநல மருத்துவர். "மனசுல வர்றத எழுதுங்க" என்றார். மனசில் மீன் வருகிறது, எழுதியாயிற்று. யாராவது எதிர்காலத்தில் படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காக: குணசீலன், வயது முப்பத்தொன்று, எம்.எஸ்சி. வேதியியல். மனைவி சுகந்தி ஜூன் மாதம் டெங்குவில் இறந்தாள். பரசு அவள் தம்பி. பெரிய அக்கா என்றது ஓசூரில் இருக்கும் அவள் அக்காவை. மகள் ஓவியாவுக்கு மூன்று வயது, ஏரிக்கரையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். வேலை அதிகம் என்பதால் அடிக்கடி போக முடிவதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வேலை அதிகம் என்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். என் வேலை என்னவென்றும் எழுதிவிடுகிறேன். ஒரு மருந்துக் கம்பெனியின் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு பாட்டிலில் பிடித்து, அமிலத்தன்மை, உப்பு, கசடு என்று சட்டம் கேட்கும் எல்லாவற்றையும் அளந்து, "வரம்புக்குள் உள்ளது" என்று கையெழுத்துப் போடுவது. மதியத்துக்குள் முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது. பரசுவின் ஏரிக்கு.

இன்னொரு வேலையும் உண்டு, நியமன உத்தரவில் இல்லாதது. கம்பெனி வாசலில் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் சுத்தம் செய்த கழிவுநீரை விட்டு மீன் வளர்க்கிறோம். "சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஆரோக்கியமாக வாழும் மீன்கள்" என்று பலகை. வருகிற அதிகாரிகள் முதலில் நிற்பது அங்கேதான். மீன் நீந்தினால் அவர்கள் முகம் மலரும், டீ வரும். மீனுக்குப் பொரி போடுவதும், எதுவாவது செத்தால் விருந்தாளி வருவதற்குள் அதே அளவில் வேறொன்றைக் கொண்டுவந்து விடுவதும் என் பொறுப்பு. பரசுதான் சப்ளை.

கோடைக்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. என் சேவைக் காலத்திலேயே இது சாதனை.

அக்டோபர் 13, திங்கள்

கேஸ் அடுப்பை மூடாமல் ஆபீஸ் போய்விட்டேன். பால் கருகி, சட்டி கருகி, பிறகு சிலிண்டரே தீர்ந்து அணைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் கத்தினார். சட்டியை ஊற வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது ஒரு தண்ணீர் லாரி வந்தது. நான் அதைப் பார்த்தேன். வேகம், தூரம் எல்லாம் மனசில் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் நகரவில்லை. லாரி என் சட்டைப்பையை உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து சொன்னதில் எழுதக்கூடிய பகுதி இது மட்டும்: "சாவறதுன்னா வேற வண்டி பாருய்யா! எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது!"

"எனக்கும் பொண்ணு இருக்கா" என்றேன். தகவலுக்காகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார்.

சுகந்தி எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். பல்லி, இடி, லிஃப்ட். படுக்கும் முன் அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி போய்ப் பார்ப்பாள். "இந்தியாவின் பாதுகாப்புத் துறைக்கு உன்னை அனுப்பலாம்" என்று கிண்டல் செய்வேன். காய்ச்சல் வந்த அன்று, "எனக்கு என்னமோ பயமா இருக்குங்க" என்றாள். அதற்கும் அதே ஜோக்கைத்தான் சொன்னேன்.

சட்டி இன்னும் ஊறுகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஏரிக்குப் போனேன். ஆராய்ச்சிக்காக.

பரசு சொன்னது பொய்யில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றால் ஜிலேபி மீன்கள் தெரிந்தவன் வீட்டுக்கு வருவது போல வருகின்றன. கூட்டமாகக்கூட வருவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, யாரையும் கேட்காமல். கொக்குகளுக்கு இரை தேடும் சிரமமே இல்லை. ஒரு கொக்கு விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த மீன் சிதறவில்லை. அடுத்தது தான்தான் என்று வரிசையில் நிற்கிற மாதிரி நின்றது.

"பாத்தியா? ஊரே நம்மளப் பாத்து வயிறெரியுது" என்றான் பரசு.

"உனக்குச் சந்தேகமே வரலையா?"

"ஏன் மாமா, நல்லது நடந்தா உனுக்குப் புடிக்காதா? படிச்சவன் புத்தி!"

வீட்டுக்குப் போனபோது ஓவியா வாசலில் மண்ணில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, பரசுவின் கால்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டாள். "தோ, அப்பா வந்துக்கிறாரு பாரு" என்றார் மாமியார். அவள் லுங்கிக்குள் தலையை இன்னும் இழுத்துக்கொண்டாள்.

யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று, "வேலை இருக்கு" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். ஒரு சிறிய உயிர், அறிமுகமில்லாத பெரிய உயிரைக் கண்டால் ஓடுவது இயற்கை. ஓவியா ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று குறித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் கிடையாது. தலைமாட்டு ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆயிரம்வாலா வெடித்தார்கள். நான் திடுக்கிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

டாக்டரிடம் லாரியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"மாத்திரை ராத்திரிக்கு ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தேன். நீங்க எத்தனை போடறீங்க குணசீலன்?"

அதற்கு நான் சொன்ன பதில் இங்கே தேவையில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது பதட்டத்தக் குறைக்கிற மாத்திரை. அளவா போட்டா ஒரு கைத்தடி மாதிரி. அளவு மீறினா பதட்டம் மட்டுமா போகும்? பயம் போகும். பயம் போனா லாரி வந்தாக்கூட நிப்பீங்க. யார் எங்க இருந்தா என்னன்னு ஆயிடும்."

"சார், அப்ப நிறுத்திடறேன்."

"அதெல்லாம் திடீர்னு நிறுத்தக்கூடாது! உடம்பு தூக்கிப் போடும். நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அடுத்த வாரம் வாங்க. கண்டிப்பா வரணும்."

திரும்பும் பஸ்ஸில் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். மருந்தின் பெயரை இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அட்டையில் அல்ல, பீப்பாயில். எங்கள் கம்பெனியில் கோடைக்குப் பிறகு தொடங்கிய புதிய பிரிவு தயாரிப்பது இதன் மூலப்பொருளைத்தான். நான்கு மாதமாக எங்கள் சரக்கைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறேன். எம்.எஸ்சி., முதல் வகுப்பு. ஊழியர் தள்ளுபடி உண்டா என்றுகூடக் கேட்காத முட்டாள்.

பேருந்து நிலையத்தில் இறங்கியபோதுதான் தொட்டியும் ஏரியும் நினைவுக்கு வந்தன. அங்கேயே ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பழம் வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி வண்டிய வுடு" என்றார் வண்டிக்கார அம்மாள். வாங்கினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தொட்டி மீன்களில் பாதியை ஒரு நீல டிரம்மில் போட்டு, போர் தண்ணீர் நிரப்பி, ஆய்வகத்தின் பின்பக்கம் வைத்தேன். அதே பொரி, அதே வெயில். தண்ணீர் மட்டும் வேறு. செக்யூரிட்டி வந்து பார்த்தார்.

"சார், கொழம்புக்கா?"

"ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சி முடிஞ்சதும் கொழம்புக்கா?"

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர். அளவு குறைந்திருக்கிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

நவம்பர் 3, திங்கள்

டிரம் மீன்கள் ஓடுகின்றன!

காலையில் கையை நீட்டினேன். தண்ணீரில் என் நிழல் விழுந்ததுமே தெறித்து அடிக்குப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முகமெல்லாம் தண்ணீர். வாசலுக்குப் போய்த் தொட்டியில் கையை விட்டேன். அவை வந்து விரலைச் சப்பின.

தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் மருந்தை அளக்கும் கருவி இருக்கிறது. மதிய இடைவேளையில் கழிவுநீரை அதில் செலுத்தினேன். திரையில் மருந்துக்குக் கோடு எந்த இடத்தில் எழும்ப வேண்டுமோ அதே இடத்தில் எழும்பியது. லேசாக இல்லை, கோபுரம் மாதிரி.

மேனேஜர் தண்டபாணி சாரிடம் போனேன். நல்ல மனிதர். சுகந்தியின் காரியத்துக்கு வந்து கடைசிவரை இருந்தவர்.

"இந்தப் பொருளுக்குச் சட்டத்துல வரம்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"இல்லாத வரம்ப நாம எப்படிப்பா மீற முடியும்?"

"மீன் பயப்பட மாட்டேங்குது சார்."

"சாகுதா?"

"சாகல சார்."

"தொட்டியில உசுரோட இருக்குல்ல? கொழுத்துப்போய் இருக்குல்ல? அப்புறம் என்ன? உசுரோட இருந்தா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்!" கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கினார். "நீயே பாரேன். எல்லாரும் குணா ஒடைஞ்சு போயிடுவான்னாங்க. ஒரு நாள் லீவு போடல. ஒரு தப்பு இல்ல. எவ்ளோ நல்லா இருக்கே!"

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி சொன்னது ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மறுபடியும் ஏரி. இந்தத் தடவை பரசு சிரிக்கவில்லை. தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு கோரைப்புல் ஓரமாகத் தள்ளினான்.

விரால் மீன் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும். செக்கச்செவேலென்று ஒரு கூட்டமாகக் குஞ்சுகள் தண்ணீரின் மேல் கொதிக்கிற மாதிரி புரளும். அவற்றுக்குக் கீழே தகப்பன் விரால் காவல் இருக்கும். தவளை, பாம்பு, மனுசன் என்று பார்க்காது. பக்கத்தில் போனால் எகிறிக் கடிக்கும். பரசுவின் கட்டைவிரலில் அப்படி ஒரு தழும்பு உண்டு. அதை ஊரில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான்.

கோரைக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சுக்கூட்டம் புரண்டது. பரசு குனிந்து கையை நடுவில் விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அளைந்தான். ஒன்றும் இல்லை.

"அதோ பாரு" என்றான். கைக்கெட்டும் தூரத்தில் தகப்பன் விரால் ஒரு பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. நல்ல பருமன். குஞ்சுகள் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு நீர்க்காகம் கூட்டத்துக்குள் மூழ்கி எழுந்தது. பிறகு மீன்கொத்தி. பிறகு மறுபடியும் நீர்க்காகம். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. விரால் அடுத்த பூச்சியைத் தேடிப் போனது.

"ஏரி பூரா இதே கதை மாமா. பெருசுங்கள நாங்க கையால அள்ளிட்டோம். சிறுசுங்கள காக்கா அள்ளுது. அடுத்த வருசம் ஏரியில தண்ணிதான் இருக்கும். தூ! இதுவும் ஒரு அப்பனா?" என்று அந்த மீனைப் பார்த்துத் துடுப்பை ஓங்கினான்.

"அது மேல தப்பில்ல பரசு" என்றேன். "அதுக்கு மருந்து குடுத்திருக்காங்க. தெரியாம."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி, பீப்பாய், கருவியில் எழும்பிய கோடு. என் மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான், விராலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழம பெரிய அக்கா வந்தா, நீ அப்பவும் சரின்னுதான் சொல்வியா?"

கரைக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். மாத்திரையைக் குறைக்கும்போது வரும் என்று டாக்டர் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

நவம்பர் 14, வெள்ளி

இன்று வெளியூரிலிருந்து பெரிய வாடிக்கையாளர் குழு வந்தது. வழக்கம்போல முதல் நிறுத்தம் தொட்டி. குழுத்தலைவி, பம்பாய்க்காரப் பெண்மணி, கையை விட்டார். மீன்கள் வந்து வளையலைச் சப்பின. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். தண்டபாணி சார் தகப்பனைப் போலப் பூரித்தார்.

நான் டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தேன். அதன் ஒரு சக்கரம் கீச்சிடும். கம்பீரமான வருகை என்று சொல்ல முடியாது.

"மேடம், இதுலயும் கை விட்டுப் பாருங்க."

விட்டார். டிரம்முக்குள் குண்டு வெடித்த மாதிரி இருந்தது. அவர் சேலை நனைந்தது, தண்டபாணி சாரின் டை நனைந்தது. இரண்டும் ஒரே மீன்கள்தானா என்று கேட்டார். ஒரே மீன்கள்தான், தண்ணீர்தான் வேறு என்றேன். பிறகு, ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன்: "இந்தத் தொட்டி மீன்களும் நானும் ஒரே மருந்து சாப்பிடுகிறோம் மேடம். நான் டாக்டர் சொல்லிச் சாப்பிட்டேன். இவற்றை யாரும் கேட்கவில்லை. ஏரியில் குஞ்சுகளைத் தகப்பன் மீன் விட்டுவிட்டுப் போகிறது."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணி என் பெயரைக் கேட்டார்.

மாலை தண்டபாணி சார் கம்பெனி கேட் வரை கூடவே வந்தார். டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே பேசினார். "நான் கூப்பிடறவரைக்கும் வீட்ல இரு. பொண்டாட்டி போனதுல பையனுக்கு மனசு சரியில்லன்னு சொல்லப்போறேன். வேற வழி இல்லப்பா. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"சார், மனசு சரியில்லங்கறது உண்மைதான். தண்ணி சரியில்லங்கறதும் உண்மைதான். ரெண்டையும் சொல்லுங்க."

அவர் போய்விட்டார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது. நான் துள்ளிப் பின்னால் விழுந்து, ஒரு டீக்கடை பெஞ்சையும் தள்ளிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோணலுக்குக் காரணம் பிறகு.

காலையில் போனபோது ஓசூர் கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. கலைமதி அண்ணி, சுகந்தியின் அக்கா, ஓவியாவுக்குப் புதுக் கவுன் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கணவர் காருக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, ஓவியாவ நான் என்கூட கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"போன மாசம் சரின்னீங்களே தம்பி!"

"போன மாசம் நீங்க என் கிட்னியக் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அப்ப நான் அப்படி இருந்தேன்."

"வெளையாடாதீங்க. நான் கட்டில் வாங்கிட்டேன். சுவத்துல பொம்மை ஒட்டியிருக்கேன்." அண்ணியின் முகம் அப்படியே சுகந்தியின் முகமானது. இத்தனை மாதம் அவரை நேராகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான் போல. "அவ எனக்கும் தங்கச்சிதானே? எனக்குன்னு என்ன இருக்கு? இந்தக் கொழந்தைக்கு உங்களப் பாத்தாலே பயம். உங்களால தனியா பாத்துக்க முடியுமா? சோறு ஊட்டத் தெரியுமா? ராத்திரி காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

காய்ச்சல் என்ற வார்த்தை வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாது அண்ணி. எனக்குப் பயமா இருக்குது. நெஞ்சு அடிச்சுக்குது, பாருங்க. காய்ச்சல் வந்தா இவளத் தூக்கிக்கினு ரோட்ல ஓடுவேன். ஜோக் அடிக்க மாட்டேன். அன்னிக்கு அடிச்சேன்."

அழ வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. எல்லோர் முன்னாலும் மூக்கு ஒழுக நின்றேன். ஓவியா அண்ணியின் முந்தானைக்குள்ளிருந்து தலையை நீட்டி வேடிக்கை பார்த்தாள். அப்பா அழுவதை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அண்ணி கவுனின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு எழுந்தார். "மாசத்துக்கு ஒரு தடவ ஓசூருக்குக் கூட்டிக்கினு வரணும். வரலன்னா நான் வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். கதவை மூடிய பிறகு முகத்தை மூடிக்கொண்டது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதை மறக்கக்கூடாது.

பரசு பைக்கில் கொண்டுவந்து விட்டான். வழி முழுவதும் ஓவியா "ஆயாகிட்ட போணும்" என்று கத்தி, என்னைக் கிள்ளினாள். சத்தம் பெருங்களத்தூர் வரை கேட்டிருக்கும். "நாளைக்கு சங்கத்துல எல்லாரும் ஏரித் தண்ணியோட கலெக்டர் ஆபீஸ் போறோம். நீ வந்து இங்கிலீசுல எடுத்துச் சொல்லணும்" என்றான் பரசு.

யோசித்துப் பார்த்து, "சரி" என்றேன். "ஆனா இவளையும் தூக்கிக்கினுதான் வருவேன்."

மதியம் ரசம் சாதம். பாதி அவள் வாயில், பாதி கவுனில். அடுப்பை மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஜன்னல் கம்பி, மின்சார பிளக், கொசுவலை எல்லாம் பார்த்தேன். கொசுவலையில் ஓட்டை இருந்தது, பிளாஸ்திரி ஒட்டினேன். அழுது களைத்து இப்போதுதான் தூங்கினாள், என் வலது கை மேல். எடுத்தால் எழுந்துவிடுவாள். கை மரத்துப்போயிருக்கிறது. நெற்றி சூடாக இருக்கிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது.

தண்டபாணி சார் கூப்பிடுகிறார். மூன்றாவது முறை. வேலை போயிற்று என்று சொல்லவா, திரும்பி வா என்று சொல்லவா, தெரியாது. மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் புருவம் சுருங்குகிறது. போனை அணைத்துவிட்டேன்.